காலம் தாழ்ந்து கருவுறுதல்: கணவன், மனைவி இருவரும் அறிய வேண்டியவை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற குடும்பநல அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நம் வீடுகளில் அழுகையாகவும் பெருமூச்சாகவும் மட்டுமே வெளிப்படும் ஒரு செய்தியைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் எம்மைப் பணித்துள்ளனர். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பின்னர் குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் என்ன செய்யலாம், அவர்களின் கணவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே அந்தச் செய்தியாகும்.

இந்த நிலை பல வழிகளில் வருகிறது. நகையும் ரொக்கமும் சேரவில்லை என்பதால் முப்பது வயதுக்குப் பின் நிக்காஹ் நடந்த பெண் இருக்கிறாள். கணவனை இழந்தோ, மணவிலக்குப் பெற்றோ மறுமணம் புரிந்தவள் இருக்கிறாள். மேற்படிப்பையும் பணியையும் முடித்துவிட்டு மணந்தவள் இருக்கிறாள். முதல் குழந்தை பிறந்து பத்தாண்டு கழித்து இரண்டாவது குழந்தையை விரும்புபவள் இருக்கிறாள். கணவர் வெளிநாட்டில் இருந்ததால் ஆண்டுகள் கழிந்துபோனவள் இருக்கிறாள். இவர்களில் எவரும் குற்றம் புரிந்தவர் அல்லர். உலகில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்வில் ஒரு காலத்தில் குழந்தையின்மைச் சிக்கலைச் சந்திக்கிறார் என உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

முதுமையில் பிள்ளை வேண்டிக் கையேந்திய ஜக்கரிய்யா (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். கொடுப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கக் கற்றவர்கள் நாம். இன்று அந்தக் கட்டும் வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

வயது செய்யும் மாற்றம்

ஆணின் உடலில் விந்தணுக்கள் நாள்தோறும் புதிதாக உருவாகின்றன. பெண்ணின் நிலை வேறு. அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளது கருமுட்டைகள் அனைத்தும் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம் வரை இருக்கும் முட்டைகள், பருவமடையும்போது 3 முதல் 4 இலட்சமாகக் குறைகின்றன. 37 வயதளவில் சுமார் 25,000 மட்டுமே எஞ்சுகின்றன. எண்ணிக்கையோடு தரமும் குறைகிறது. வயது கூடக்கூட முட்டையில் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவது அதிகமாகிறது. கரு தங்காமல் போவதற்கும், தங்கிய கரு கலைவதற்கும் இதுவே முதன்மையான காரணமாகும்.

முப்பது வயதுப் பெண் ஒரு மாதச் சுழற்சியில் கருவுறும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 20 ஆகும். நாற்பது வயதில் அது 5 அளவிற்குக் குறைகிறது. கருச்சிதைவு இருபதுகளின் பிற்பகுதியில் பத்தில் ஒன்றாக உள்ளது. 40 வயதில் மூன்றில் ஒன்றாகிறது. 45-ஐத் தாண்டினால் பாதிக்கும் மேல் ஆகிறது. குழந்தை டவுன் நோய்க்குறியுடன் பிறக்கும் வாய்ப்பு 35 வயதில் சுமார் 350-இல் ஒன்று. 40 வயதில் 100-இல் ஒன்று.

இந்தக் கணக்கு எவரையும் அச்சுறுத்துவதற்காகச் சொல்லப்படவில்லை. நாற்பது வயதில் நூற்றில் நூறு பேரின் குழந்தையும் டவுன் நோய்க்குறி கொண்டதாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தார் சொல்வது பொய் என்பதை இதே கணக்கே காட்டுகிறது; நூறில் தொண்ணூற்றொன்பது குழந்தைகளுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் காலம் விலைமதிப்புள்ளது என்பதையும் இது காட்டுகிறது. முட்டையின் வயதைத் திருப்பும் மருந்து இதுவரை எவரிடமும் இல்லை. நம் கையில் உள்ளது, இருக்கின்ற மாதங்களை வீணாக்காமல் பயன்படுத்துவதுதான்.

ஆண்டுக் கணக்கும் மாதக் கணக்கும்

35 வயதுக்குட்பட்ட தம்பதியர் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்து, கருத்தடை எதுவும் இன்றி முயன்றும் கரு தங்காவிடில் மருத்துவரை நாட வேண்டும். மனைவிக்கு 35 வயது ஆகிவிட்டால் ஆறு மாதங்களே போதும். 40 வயதைத் தாண்டிவிட்டால் காத்திருக்கவே வேண்டியதில்லை. முயற்சியைத் தொடங்கும்போதே பரிசோதனையையும் தொடங்கிவிட வேண்டும். மாதவிலக்கு ஒழுங்கற்று வருபவர்கள், கடும் வலியுடன் வருபவர்கள், கருக்குழாய்க் கர்ப்பமோ வயிற்று அறுவையோ காசநோயோ கண்டவர்கள் எந்த வயதிலும் தாமதிக்கலாகாது. நம் நாட்டில் கருக்குழாய் அடைபடுவதற்கு இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய் ஒரு முக்கியமான காரணமாகும்.

இங்கே நம் ஜமாஅத்தாருக்கே உரிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். இரண்டாண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு மண வாழ்வில் ஐந்து விடுப்புகள். மொத்தம் இருநூறு நாட்கள். ஒரு மாதச் சுழற்சியில் கருவுறக்கூடிய நாட்கள் ஆறு மட்டுமே. முட்டை வெளிப்படும் நாளும், அதற்கு முந்திய ஐந்து நாட்களும்தான் அவை. ஆகவே ஒரு விடுப்பில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு வாய்ப்புகளே கிடைக்கும். பத்தாண்டாகியும் பிள்ளை இல்லை என்று ஊர் சொல்லும் அந்தத் தம்பதியருக்கு உண்மையில் கிடைத்தவை ஐந்து முதல் பத்து மாத வாய்ப்புகள் மட்டுமே. மருத்துவ இலக்கணப்படி அவர்கள் ஓராண்டு முயற்சியைக்கூட முடிக்கவில்லை. ஆனால் இருபத்தாறு வயதில் மணமாகி வந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பத்தாறு வயதாகிவிட்டது. ஊர் எண்ணுவது மண ஆண்டுகளை. உடல் எண்ணுவது அவளது வயதை. சேர்ந்து வாழ்ந்த மாதங்களை எவரும் எண்ணுவதில்லை.

எனவே அயல்நாட்டில் பணிபுரியும் சகோதரர்களுக்கு எமது வேண்டுகோள் இதுதான். மனைவிக்கு முப்பத்தைந்து நெருங்குகிறது என்றால், வீட்டின் மேல்தளம் கட்டுவதை இரண்டாண்டு தள்ளி வையுங்கள். மனைவியைக் குடும்ப விசாவில் அழைத்துக்கொள்ள இயலுமா என்று பாருங்கள். இயலாவிடில் நீண்ட விடுப்புக்கு முயலுங்கள். விடுப்பின் தேதியை மனைவியின் மாதச் சுழற்சியை அறிந்து அமையுங்கள். உங்கள் விந்துப் பரிசோதனையைப் பணிபுரியும் ஊரிலேயே முடித்து, அறிக்கையோடு வாருங்கள். விடுப்பில் வந்து, முதல் மூன்று வாரம் விருந்துக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் போய், கடைசி வாரம் மருத்துவமனை வாசலில் நின்றால் மருத்துவராலும் எதுவும் செய்ய இயலாது.

நாட்களை அறிதல்

முட்டை பதினான்காம் நாளில் வெளிப்படும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது இருபத்தெட்டு நாள் சுழற்சிக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் பதினான்கு நாட்களுக்கு முன்னர் முட்டை வெளிப்படுகிறது என்பதே சரியான கணக்கு. முப்பதுகளின் பிற்பகுதியில் பலருக்குச் சுழற்சி 25, 24 நாட்களாகச் சுருங்கும். அவர்களுக்குப் பத்தாம், பதினோராம் நாளிலேயே முட்டை வெளிவந்துவிடும். பதினான்காம் நாளை எதிர்பார்த்திருப்பவர்கள் அந்த மாதத்தைத் தவறவிடுகின்றனர். முட்டையின் வெண்கரு போன்ற வழுவழுப்பான வெள்ளை நீர் தோன்றும் நாட்களே வளமான நாட்களாகும். மருந்துக் கடையில் கிடைக்கும், சிறுநீரில் பார்க்கும் பட்டைச் சோதனையும் உதவும். அந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் கூடினால் போதும்.

சுழற்சி குறுகியவர்களுக்கு இரத்தக் கசிவும் நீடித்தால், குளித்துத் தூய்மையடைவதற்கு முன்பே வளமான நாட்கள் கடந்துவிட வாய்ப்புண்டு. அத்தகையோர் வெட்கப்பட்டு மறைக்காமல், கசிவின் காரணத்தை மருத்துவரிடமும், அதன் சட்டத்தை ஆலிமிடமும் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

இரண்டாவது குழந்தையை விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்பர்-டி அகற்றியதும் கருவுறும் திறன் உடனே திரும்பும். அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்ற பெயரில் போடப்படும் மூன்று மாதக் கருத்தடை ஊசியை நிறுத்தினால், திறன் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். முப்பத்தைந்தை நெருங்குவோர் அந்தக் கால இடைவெளியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இருவருக்கும் பரிசோதனை

குழந்தையின்மைக்கான காரணங்களில் ஏறக்குறைய பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது. அவ்வாறிருக்க, பெண்ணை மட்டும் ஊர் ஊராக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் உள்ளது. முதலில் செய்ய வேண்டிய பரிசோதனை விந்துப் பரிசோதனையே. அதில் வலி இல்லை, செலவு குறைவு, ஊசி கிடையாது. இரண்டு முதல் ஏழு நாட்கள் இல்லறத்தைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள் என்பது கீழ் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஒருமுறை குறைந்து காணப்பட்டால் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

விந்தணு முழுமையாக உருவாக இரண்டரை மாதத்திற்கும் மேல் ஆகிறது. ஆகவே இன்று புகையை நிறுத்தினால் அதன் பலன் மூன்று மாதம் கழித்தே தெரியும். சிகரெட், பீடி, புகையிலை போட்ட வெற்றிலை, ஹான்ஸ், பான்பராக் யாவும் தீங்கு. உலை, அடுப்பு முன் நீண்ட நேரம் நிற்பதும் மடிக்கணினியை மடியில் வைத்தே பழகுவதும் விதைப்பைக்குச் சூடேற்றும். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளரப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்து உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். இதை இளைஞர்கள் நன்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

மனைவிக்குச் செய்ய வேண்டியவை: மாதவிலக்கின் தொடக்க நாட்களில் முட்டைப்பையை ஸ்கேன் செய்தல், ஏ.எம்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை, தைராய்டு, சர்க்கரை, கருக்குழாய் திறந்துள்ளதா என்று அறியும் எக்ஸ்ரே. இவற்றில் ஏ.எம்.எச். அளவு குறைவு என்றதும் பலர் மனமுடைந்து போகின்றனர். அது முட்டைகளின் எண்ணிக்கையைக் குறிப்பாகக் காட்டுவது, தரத்தைக் காட்டுவதன்று. அளவு குறைந்தவர்களும் இயற்கையாகக் கருவுறுகிறார்கள். சிகிச்சையில் எத்தனை முட்டை கிடைக்கும், எவ்வளவு விரைவு தேவை என்று முடிவு செய்யவே அது பயன்படுகிறது.

நெருங்கிய உறவில் மணந்தோரும், குடும்பத்தில் பரம்பரை நோய் கண்டோரும் தலசீமியா போன்ற குறைபாடுகளுக்கான இரத்தப் பரிசோதனையைக் கருவுறுவதற்கு முன்பே செய்துகொள்வது நலம்.

கருவுறுவதற்கு முந்திய மூன்று மாதங்கள்

நிலத்தைப் பண்படுத்தாமல் எவரும் விதைப்பதில்லை. ஃபோலிக் அமிலம் நாள் ஒன்றுக்கு 400 மைக்ரோகிராம், கருவுறுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து முதல் மூன்று மாதம் முடியும் வரை உட்கொள்ள வேண்டும். குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைபாடுகளை அது பெரிதும் தடுக்கிறது. சர்க்கரை நோயுள்ளோருக்கு மருத்துவர் கூடுதல் அளவு தருவார்.

சர்க்கரை நோய் இருப்பின் மூன்று மாதச் சராசரி அளவு 6.5-க்குக் கீழ் வந்த பின்னர் கருவுறுவதே பாதுகாப்பு. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில கருவுக்கு ஆகாதவை. அவற்றை முன்கூட்டியே மாற்ற வேண்டும். தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. ரூபெல்லா தடுப்பூசி போடாதவர்கள் போட்டுக்கொண்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இரத்தச் சோகையைச் சரிசெய்ய வேண்டும்.

உடல் எடை கூடியவர்கள், அதிலும் நீர்க்கட்டிகளோடு மாதவிலக்குத் தள்ளிப்போகிறவர்கள், எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிப்படத் தொடங்கும். ஃபஜ்ருக்குப் பின் அரைமணி நடையும், பிரியாணி, பரோட்டா, இனிப்பைக் குறைத்த உணவும் இதற்குப் போதிய தொடக்கம். ஆயினும் முப்பத்தெட்டு, நாற்பது வயதுப் பெண்ணை ‘எடை குறைத்துவிட்டு வா’ என்று ஓராண்டு நிறுத்திவைப்பது நன்றன்று. எடையையும் சிகிச்சையையும் ஒருசேர நடத்த வேண்டும். தேநீர், காபி நாளுக்கு இரண்டு கோப்பையோடு நிற்கட்டும்.

‘நாற்பதே நாளில் கரு தங்கும்’ என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் லேகியங்களையும், பெயர் அறியாத பொடிகளையும் நம்பி மாதங்களை இழக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத மருந்தில் ஈயமும் பாதரசமும் இருக்கக்கூடும்; அவை கருவைக் கெடுப்பவை. ஓதிப் பார்ப்பது ஆறுதல் தரும். ஆனால் அடைபட்ட கருக்குழாயை உரிய மருத்துவப் பரிசோதனை இல்லாமல் எவராலும் அறிய இயலாது.

சிகிச்சையும் மார்க்க வரம்பும்

பரிசோதனையில் கண்ட குறையைப் பொறுத்து, முட்டை வளர மாத்திரை, கணவரின் விந்தணுவைக் கருப்பையில் செலுத்துதல், உடலுக்கு வெளியே கருவை உருவாக்கி வைத்தல் எனச் சிகிச்சை படிப்படியாகச் செல்லும். வயது முப்பத்தெட்டைத் தாண்டினால் முதற்படிகளில் நெடுங்காலம் நிற்காமல் அடுத்த படிக்குச் செல்ல மருத்துவர்கள் அறிவுறுத்துவர்.

சோதனைக் குழாய்ச் சிகிச்சை வயதை வென்றுவிடும் என்ற எண்ணம் தவறானது. பிரிட்டனின் கண்காணிப்பு ஆணையம் வெளியிட்ட 2019-ஆம் ஆண்டுக் கணக்கில், கருப்பையில் வைக்கப்பட்ட நூறு கருக்களில் குழந்தையாகப் பிறந்தவை 35 வயதுக்குட்பட்டோரில் 32. 40 முதல் 42 வயதில் 11. 43, 44 வயதில் 5. பல இலட்சம் செலவிடும் முன், நம் வயதில் எத்தனை பேருக்குப் பலன் கிடைத்தது என்று மருத்துவமனையில் கேட்கும் உரிமை நமக்குண்டு. நமது நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இச்சிகிச்சை நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனைவிக்கு 50, கணவருக்கு 55 வயது என உச்ச வரம்பும் உள்ளது.

‘இது ஆகுமா?’ என்று கேட்போர் பலர். கணவனின் விந்தணு, மனைவியின் முட்டை, மனைவியின் கருப்பை என்ற எல்லைக்குள், மருத்துவத் தேவைக்காக இது ஆகும் என எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷைகு ஜாதுல் ஹக் அவர்கள் 1980-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தார்கள். 1986-ஆம் ஆண்டு அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஏழு முறைகளை ஆராய்ந்து, கணவன் மனைவிக்குள்ளேயே நிகழும் இரண்டை மட்டும் தேவை ஏற்படும்போது, உரிய எச்சரிக்கையோடு அனுமதித்தது. பிறரின் விந்து, பிறரின் முட்டை, வாடகைத் தாய் ஆகியவை கூடா என்றது. எனவே சிகிச்சை தொடங்கும் முன் இந்த எல்லையை எழுத்திலேயே மருத்துவமனையிடம் தெரிவித்துவிடுங்கள். நாற்பதைக் கடந்தோருக்கு ‘தானமாகப் பெறும் முட்டை’ என்ற ஆலோசனை பெரும்பாலும் வரும். அப்போது திகைத்து நிற்க வேண்டியிராது. கணவர் ஊர் திரும்பும் முன் விந்தணுவை உறைய வைத்துச் செல்வது குறித்தும், ரமளானில் ஊசி, மருந்துகள் குறித்தும் உங்கள் ஆலிமிடம் நேரில் கேளுங்கள். மணபந்தம் நீடிக்கும் காலத்திற்குள் மட்டுமே உறைய வைத்ததைப் பயன்படுத்த வேண்டும் என்பது முதன்மையான நிபந்தனை.

கரு தங்கியபின் ஆறு, ஏழு வாரத்திலேயே ஸ்கேன் செய்து, கரு கருப்பைக்குள் உள்ளதா என்று உறுதி செய்ய வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல் கர்ப்பகாலச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடுதலாக வருவதால் பரிசோதனைகளைத் தவறவிடலாகாது.

ஜமாஅத்தின் முன் வைக்கும் வேண்டுகோள்

இறுதியாக, நிர்வாகிகளின் கவனத்திற்கு மூன்று செய்திகளைப் பணிவுடன் வைக்கிறோம்.

ஒன்று: பிள்ளை இல்லை என்ற காரணத்தைக் காட்டித் தலாக் அல்லது மறுமணம் கோரி வரும் வழக்கில், கணவரின் விந்துப் பரிசோதனை அறிக்கையும் மனைவியின் அறிக்கையும் ஒருசேர வைக்கப்படாமல் பேச்சைத் தொடங்க வேண்டாம். தம்பதியர் உண்மையில் எத்தனை மாதங்கள் சேர்ந்து வாழ்ந்தனர் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு கேள்விகள் ஒரு பெண்ணின் வாழ்வைக் காக்கக்கூடும்.

இரண்டு: பைத்துல்மால் நிதியிலிருந்து ஏழைத் தம்பதியரின் முதற்கட்டப் பரிசோதனைக்கு உதவுவது பற்றி ஆலிம்களோடு கலந்து முடிவெடுங்கள். பெரும் சிகிச்சைக்குப் பணமில்லாமல் நிற்பவர்களைவிட, முதல் பரிசோதனைக்கே வழியறியாமல் வயதைக் கடத்துபவர்களே நம் கண்முன் அதிகம்.

மூன்று: மஹர் கொடுத்து மணமுடிக்கும் எளிய நிக்காஹை முன்னெடுங்கள். சீர்வரிசைக்காக ஒரு குமரை ஐந்தாண்டு வீட்டில் இருத்தினால், பின்னர் எந்த மருத்துவமனையாலும் அந்த ஐந்தாண்டைத் திருப்பித் தர இயலாது.

தாய்மார்களே! விருந்து வீடுகளில் மருமகளைப் பார்த்து ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். கேட்டே ஆகவேண்டும் எனில், உங்கள் மகனைப் பார்த்து ‘நீ பரிசோதனை செய்துகொண்டாயா?’ என்று கேளுங்கள். எல்லா முயற்சிக்குப் பின்னரும் பிள்ளைப்பேறு கிட்டாத தம்பதியரும் நம்மிடையே இருப்பார்கள். பிள்ளை பெறாத பெண்ணின் கண்ணியம் பிள்ளை பெற்றவளின் கண்ணியத்தினும் எள்ளளவும் குறைந்ததன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை நினைவில் வைப்போம்.

குழந்தைச் செல்வத்தை வேண்டி நிற்கும் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஸாலிஹான சந்ததிகளை அருள்வானாக! காத்திருப்போருக்குப் பொறுமையையும், சுற்றியிருக்கும் நமக்கு நாவடக்கத்தையும் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.